உடம்பு சொல்லாத உண்மை

1944 மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன், அவருடைய ரத்த அழுத்தத்தை 186/108 என்று குறித்துக்கொண்டார். அடுத்த ஓராண்டு முழுக்க அடிக்கடி அளந்தார். இத்தனை சோதனைகள் எதற்காக என்று ரூஸ்வெல்ட் ஒருமுறைகூடத் தம்மிடம் கேட்டதில்லை என்று 1970இல் எழுதிய கட்டுரையில் புரூன் பதிவுசெய்திருக்கிறார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது அளவு 300/190 என்று காட்டியது. அன்றே அவர் இறந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் காந்திக்கும் ரத்தக் கொதிப்பு இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட அவருடைய உடல்நலக் குறிப்புகளில் 1937 அக்டோபர் 26 அன்று 194/130 என்றும், 1940 பிப்ரவரி 19 அன்று 220/110 என்றும் காணப்படுகிறது. காந்தி தம்முடைய அளவுகளை அறிந்திருந்தார், அவற்றைப் பற்றிக் கடிதங்களில் எழுதினார், சர்ப்பகந்தா என்ற மூலிகையின் துளிகளை எடுத்துக்கொண்டார். அன்றைய மருத்துவத்தில் இந்த நோய்க்கு நம்பத்தக்க சிகிச்சை ஏதும் இல்லை. அறிந்தவருக்கும் அறிய விரும்பாதவருக்கும் மருத்துவம் தரக்கூடியது மிகக் குறைவு. அப்படியிருந்தும் இருவரின் நிலைகளும் ஒன்றல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. ஏன்? தன் உடம்பைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா? தெரிந்துகொண்ட பிறகு அந்த உண்மையோடு அவர் எப்படி வாழவேண்டும்?

அதிபர்களுக்கும் மகாத்மாக்களுக்கும் மட்டும் உரியதாக இருந்த இந்தக் கேள்வி இன்று சாதாரண வீடுகளுக்குள் வந்துவிட்டது. மேற்கையில் சுற்றி அளக்கும் மின்னணுக் கருவி மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. அது காட்டும் எண்ணைக் கைபேசிச் செயலி தானாகவே வாங்கிக்கொள்கிறது, வாரச் சராசரியைக் கணக்கிடுகிறது, கோட்டுப்படம் வரைகிறது, மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிறது, விரும்பினால் மருத்துவருக்கே அனுப்பியும் வைக்கிறது. உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. எனவே இந்தக் கருவிகளின் மருத்துவப் பயனைப் பற்றிப் பேசுவோர் நிறைய. அவற்றின் அறம் பற்றிய பேச்சுதான் குறைவு. வீட்டில் ரத்த அழுத்தத்தை அளந்து பதிந்துவருவதை வாய்மை சார்ந்த ஓர் ஒழுக்கமாகவே கருத வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் அது ஒழுக்கமாக இருக்க மூன்று நிபந்தனைகள் உண்டு: பொறுமையாக அளக்க வேண்டும், அளந்ததைத் திருத்தாமல் எழுத வேண்டும், எழுதியதை இன்னொரு மனிதரின் முன் வைக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு நேர்த்தியான செயலியும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் கருவியாகிவிடும்.

முதலில், இந்த விஷயத்தில் அகநோக்கு ஏன் போதாது என்பதைப் பார்க்க வேண்டும். நம் சமய மரபுகள் பெரும்பாலும் உள்ளே பார்க்கச் சொல்பவை. மூச்சைக் கவனி, மனத்தைக் கவனி, அங்கே உண்மை தெரியும் என்பது யோகமும் பௌத்தமும் சித்தர்களும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கை. பசி, வலி, சோர்வு, சினம் ஆகியவற்றில் அந்த வழி நல்ல பலன் தருகிறது. ரத்த அழுத்தத்தில் தருவதில்லை. மேல் எண் 170ஐத் தொட்டிருக்கும் ஒருவர் எந்த வேறுபாடும் உணராமல் சமைத்து, உண்டு, உறங்கி எழலாம். தலைவலி வந்தால் பிரஷர் ஏறியிருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று நினைப்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. பலருடைய சிறுநீரகத்தையும் பார்வையையும் பலிவாங்கிய நம்பிக்கையும் அதுதான். அழுத்தத்தை முதன்முதலில் நேரடியாக அளந்தவர் ஒரு மதகுரு என்பது இங்கே கவனத்துக்குரியது. இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்த் திருச்சபையில் பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழலில் ரத்தம் எட்டு அடிக்கு மேல் எழுவதைக் கண்டு 1733இல் வெளியிட்டார். உயிருள்ள உடம்புக்குள் இவ்வளவு விசை ஓயாமல் இயங்குகிறது, அந்த உடம்புக்கு உரியவருக்கோ அது உறைப்பதே இல்லை. கண்ணை மூடி எத்தனை நாள் அமர்ந்தாலும் எட்டாத இந்த உண்மைக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அந்தச் சாட்சியை ஏற்பது அகநோக்குக்கு இழுக்காகாது. தன் அறிவின் எல்லை எது என்று அறிவதும் தன்னை அறிவதில் ஒரு பகுதிதான்.

அந்தச் சாட்சி சொல்வதைக் கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. ரத்த அழுத்தம் நிலையான ஓர் எண் அன்று. ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவது. இத்தாலியில் ஜூசெப்பே மான்சியாவும் குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், தமனிக்குள்ளேயே அளவி பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் மருத்துவர் வந்து நின்றதுமே மேல் எண் சராசரியாக 27 மில்லிமீட்டர் அளவுக்கு எகிறியது. வெள்ளை அங்கி உயர் அழுத்தம் என்று இன்று வழங்கும் நிலைமைக்குப் பின்னால் இருப்பது இந்த இயல்புதான். மருத்துவமனையில் சரியாக இருந்து வீட்டில் மட்டும் உயரும் மறைந்த உயர் அழுத்தமும் உண்டு. எனவே ஒரு தடவை அளந்த எண் யாரையும் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. வழிகாட்டுதல்கள் கேட்பது எளிய ஒரு நோன்பை: அரை மணி நேரத்துக்கு முன்பே காபி, புகை, ஓட்டம் எல்லாம் நிறுத்திவிட வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையிலும் மாலையிலும், ஏழு நாள் அளக்க வேண்டும், முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல்களின்படி வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினால்தான் அது உயர்வு. ஜப்பானின் வடபகுதியில் ஓஹசாமா என்ற ஊரில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய நீண்ட ஆய்வு, வீட்டில் இப்படிப் பலமுறை எடுத்த அளவு, மருத்துவப் பரிசோதனையின்போது எடுத்த அளவைவிட எதிர்கால இறப்பு அபாயத்தைச் சரியாகக் காட்டியதை நிறுவியது. உண்மை இங்கே ஒரு கணத்தில் வெளிப்படுவதில்லை. ஒரே செயலை அதே ஒழுங்கோடு திரும்பத் திரும்பச் செய்பவருக்கே அது கிட்டுகிறது.

இந்த ஒழுங்கு சமய உலகுக்குப் புதிதன்று. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல் 1548இல் அச்சானது. குறிப்பிட்ட ஒரு குற்றத்தைக் களைய விரும்புபவருக்கு அதில் வியப்பூட்டும் ஒரு வழிமுறை இருக்கிறது. ஏழு நாளுக்கும் நாளுக்கு இரண்டாகக் கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும் தன்னைச் சோதித்து, எத்தனை தடவை தவறினோமோ அத்தனை புள்ளிகளை அந்தந்தக் கோட்டில் வைக்க வேண்டும். பிறகு நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு இருமுறை, ஏழு நாள், எழுத்துப் பதிவு, ஒப்பீடு: இன்றைய ரத்த அழுத்தப் பதிவேட்டின் அமைப்பு அப்படியே அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடும் உண்டு. லொயோலாவின் புள்ளி குற்றத்தின் கணக்கு. ரத்த அழுத்த எண் குற்றத்தின் கணக்கல்ல, அப்படி ஆகவும் கூடாது. மரபணு, வயது, சிறுநீரகத்தின் இயல்பு, தூக்கம், சம்பளம் என்று எத்தனையோ காரணங்கள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஆனால் நினைவை நம்பாதே, அன்றன்றே எழுது, ஒரு நாளைக் கண்டு துவளாதே, போக்கைப் பார் என்ற அறிவுரை இரண்டுக்கும் பொதுவானது. மனிதருக்குத் தம்மைப் பற்றிய நினைவு எப்போதும் தமக்குச் சாதகமாகவே சாயும் என்பதை அந்தத் துறவி கண்டுகொண்டிருந்தார்.

அந்தச் சாய்வுக்கு மருத்துவ ஆய்விலேயே ஆதாரம் உண்டு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டில் அளந்து நோட்டில் எழுதிவரும்படி நோயாளிகளிடம் கருவிகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவையும் கருவி தன் நினைவகத்தில் சேமித்துக்கொள்வது நோயாளிகளுக்குத் தெரியாது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டபோது பலருடைய நோட்டும் நினைவகமும் ஒத்துப்போகவில்லை. கூடிய அளவுகள் விடுபட்டிருந்தன, அளக்காதவை எழுதப்பட்டிருந்தன. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். கூடிய அளவைக் கண்டதும் இப்போதுதான் மாடிப்படி ஏறினேன், இது கணக்கில் வராது என்று மனம் சொல்கிறது. மறுபடி அளந்து, அதைவிடக் குறைவாக வந்ததை எழுதச் சொல்கிறது. 137ஐ 135 ஆக்கச் சொல்கிறது. இங்கே பொய்யைக் கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே. மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்து மாத்திரையைக் கூட்டாமல் விட்டுவிட்டால் அதன் விலையைத் தருபவரும் அவரே. செயலிகளின் உண்மையான அறப்பயன் இந்த இடத்தில் இருக்கிறது. கருவியிலிருந்து எண்ணை நேராக வாங்கிக்கொள்ளும் செயலி, நாம் பேரம் பேசுவதற்கான இடைவெளியை எடுத்துவிடுகிறது. ஆனால் முழுதாக அல்ல. பிடிக்காத எண்ணை அழித்துவிடலாம். கூடியிருக்கும் என்று தோன்றும் நாளில் அளக்காமலே விட்டுவிடலாம். சரியான அளவு வந்ததைப் பார்த்து, நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த எண் சரியாக இருப்பது மாத்திரையால் என்பதைக் கருவி சொல்லாது. எண்ணைக் கருவி தரலாம். அதை நேர்மையாக வாசிக்க வேண்டியவர் மனிதர்தான்.

நேர்மையைக் கருவியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்ற ஐபோன் செயலி 2014இல் சந்தைக்கு வந்தது. கைப்பட்டை எதுவும் வேண்டாம், போனை மார்பில் வைத்து விரலைக் கேமராமேல் அழுத்தினால் போதும் என்றது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, உண்மையில் உயர் அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது காட்டியிருந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதன் தயாரிப்பாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. சந்தையில் இருந்தபோது பயனர்களில் பலர் அந்தச் செயலியைப் பாராட்டி நல்ல மதிப்பெண் தந்திருந்தார்கள் என்பதுதான் இதில் ஆழ்ந்து யோசிக்க வேண்டியது. ஆறுதல் சொல்லும் சாட்சியை நாம் விரும்புகிறோம். அது உண்மை பேசுகிறதா என்று கேட்க மறக்கிறோம். கைக்கடிகாரத்திலும் மோதிரத்திலும் இன்று விளம்பரப்படுத்தப்படும் கைப்பட்டை இல்லாத அளவிகளை நோயறியவோ சிகிச்சை முடிவெடுக்கவோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2022இல் அறிவுறுத்தியது. முறைப்படி சோதித்துச் சான்று பெற்ற, மேற்கையில் அளக்கும் கருவியை, தன் கையின் பருமனுக்கேற்ற பட்டையோடு தேர்ந்தெடுப்பது வெறும் நுகர்வோர் சாமர்த்தியம் என்று ஒதுக்கத்தக்கதன்று. பொய் சொல்லக்கூடிய சாட்சியைத் தெரிந்தே அழைத்துவருபவருக்கு அந்தப் பொய்யிலும் பங்குண்டு.

இனி மூன்றாவது நிபந்தனை. பொறுமையும் நேர்மையும் இருந்தும் அளப்பது மட்டுமே யாரையும் காப்பாற்றுவதில்லை. இதற்கு வலுவான ஆதாரம், 25 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்துக் கேத்தரின் டக்கரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட பகுப்பாய்வு. வேறெந்த உதவியுமில்லாமல் வீட்டில் அளந்து மட்டும் வந்தவர்களுக்கு ஓராண்டில் மேல் எண் சுமார் 1 மில்லிமீட்டர்தான் குறைந்தது. அது பொருட்படுத்தத்தக்கதே அல்ல. அளப்பதோடு மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் யாராவது தொடர்ந்து உடனிருந்து வழிநடத்தியவர்களுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. பிரிட்டனில் 1,182 பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வீட்டு அளவுகளை வைத்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தபோது வழக்கமான சிகிச்சையைவிட 3.5 மில்லிமீட்டரும், அந்த அளவுகள் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டபோது 4.7 மில்லிமீட்டரும் கூடுதலாகக் குறைந்தன. இவை சிறிய எண்களாகத் தோன்றலாம். பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிய 2002ஆம் ஆண்டின் கூட்டாய்வின்படி, 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு மேல் எண் 20 கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தால் இறக்கும் அபாயம் இரட்டிப்புக்கும் அதிகமாகிறது. அந்தக் கணக்கில் நாலு மில்லிமீட்டர் என்பது பல உயிர்கள். திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நான்கில் ஒன்றை மட்டும் வைத்து மருத்துவம் நடக்காது என்ற அந்தப் பார்வையைத்தான் டக்கரின் பகுப்பாய்வு எண்களால் சொல்கிறது. உண்மை யாரிடமும் சொல்லப்படாமல் செயலிக்குள் கிடந்தால் அதனால் பலனில்லை. கேட்பவர் ஒருவர் இருந்து, கேட்டதற்கேற்ப அவர் ஏதாவது செய்யும்போதுதான் அது மருந்தாகிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, ஞான மரபுகளின் பெயரால் எழுவது. உடம்பு நிலையற்றது, அதைப் பற்றியே ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பது பற்றை வளர்க்கும், பற்று அச்சத்தை வளர்க்கும், அச்சமே அழுத்தத்தை ஏற்றும் என்பது அந்த வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நாளுக்குப் பத்துமுறை அளந்து, எண் ஏறியதைக் கண்டு பதறி, பதற்றத்தால் மேலும் ஏறியதைக் கண்டு நள்ளிரவில் ஆட்டோ பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அளப்பதால் ஒருவருக்குக் கடும் கவலை உண்டாகுமானால் அவரை அளக்க ஊக்குவிக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்லியிருக்கின்றன. ஆனால் இந்தப் பதற்றத்துக்குப் பௌத்தத்திலேயே மருந்து இருக்கிறது. சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் உள்ள சல்லத்த சூத்திரத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார்: உடம்பில் தைக்கும் வலி முதல் அம்பு, அதை எண்ணி மனம் தனக்குத் தானே எய்துகொள்வது இரண்டாவது. எண்ணைக் காண மறுப்பது முதல் அம்பைப் பிடுங்கிவிடாது. அது தைத்த இடத்தில் தைத்தபடியே இருக்கும். பயிற்சி வேண்டியது இரண்டாவது அம்பில்தான். வாரத்தில் குறித்த நாள், குறித்த வேளை, இரண்டே அளவு, எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடுவது என்ற வரையறை அந்தப் பயிற்சியின் பகுதி. எண்ணைக் கண்டும் கலங்காமல் செய்ய வேண்டியதைச் செய்பவரையே பற்றற்றவர் என்று சொல்லத்தகும். கலக்கத்துக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்பவரிடம் இருப்பது துறவு அன்று. அச்சம்தான் அங்கே துறவின் உடையில் நிற்கிறது. உடம்பை இழிந்தது என்று முன்பு எண்ணியிருந்ததையும், பிறகு அதற்குள்ளேயே உறுபொருளைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் வெளிப்படையாகவே பாடியிருக்கிறார். அவரைவிடப் பற்றற்றவர்களாக நம்மை நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு விதியின் பெயரால் வருவது. ஆயுள் எழுதியபடிதான், போகிற உயிரைப் பெட்டிபோன்ற ஒரு கருவி நிறுத்துமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு ரூஸ்வெல்ட்டின் காலத்தில் இருந்த எடை இன்று இல்லை. மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் சர்ப்பகந்தாவின் பயனை விளக்கும் ஆய்வை 1949இல் வெளியிட்டார். 1967இலும் 1970இலும் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வுகள், மாத்திரையால் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் பெருமளவு தவிர்க்கப்படும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. தவிர்க்க முடியாதது என்று எண்ணப்பட்டதன் எல்லை மனித முயற்சியால் நகர்ந்தது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதோடு நிற்கவில்லை. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். நாள்கள் இறைவன் தந்தவை என்று நம்புபவருக்கும் இதில் தடையில்லை. உடம்பு இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று இஸ்லாமும், தூய ஆவி தங்கும் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய மடலும் சொல்கின்றன. ஒப்படைக்கப்பட்ட பொருளின் நிலையைப் பார்த்துக்கொள்வது, ஒப்படைத்தவர்மேல் நம்பிக்கை இல்லாததால் செய்யும் செயலாகாது. விதியை உண்மையாகவே நம்புபவர், அளந்து பார்ப்பதும் விதியில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதையும் ஏற்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இன்றைய காலத்துக்கே உரியது. மனிதரை எண்ணாகச் சுருக்குகிறோம், அந்த எண்ணையும் யாரோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பது அது. இதன் இரண்டாவது பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். உடல்நலத் தரவு விளம்பரதாரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணமதிப்புள்ள சரக்கு. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்தும் விரலைத் தடுக்காது. தரவு எங்கே போகிறது, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று சொல்லாத செயலியை நிறுவாமலிருப்பதே நல்லது. காகித நோட்டு இந்த ஒழுக்கத்துக்குக் குறைந்ததே இல்லை. மறுப்பின் முதல் பாதியைத்தான் ஏற்க இயலவில்லை. எண் மனிதரைச் சுருக்குவது, அவரைப் பற்றிய முழு உண்மையும் அதுவே என்று யாராவது நினைக்கும்போது. செயலிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுகையில் அந்த நினைப்புக்கு வழிவிடுகின்றன. சிவப்பைக் கண்டவர் தாம் தேர்வில் தோற்றதாக உணர்கிறார். அந்த உணர்வுதான் அடுத்த அளவை மறைக்கத் தூண்டுகிறது. எனவே எண்ணுக்கு அதற்குரிய இடத்தை மட்டுமே தர வேண்டும்: தமனிச் சுவரின்மேல் ரத்தம் செலுத்தும் விசை இவ்வளவு, அவ்வளவுதான். அன்பு, உழைப்பு, நேர்மை, ஈடேற்றம் எதைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை.

நான்காவது மறுப்புதான் மிகக் கனமானது. நோய்க்குப் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு, சமூகம் கைகழுவிக்கொள்ள இந்தக் கருவிகள் உதவுகின்றன என்பது அது. இரவுப் பணியில் தூக்கம் கெட்டவரிடமும், கருவாடும் ஊறுகாயும் தவிர வேறு தொடுகறிக்கு வழியில்லாதவரிடமும், கடன் வசூலிப்பவரின் போனுக்கு அஞ்சி வாழ்பவரிடமும் போய் உங்கள் வரைபடம் ஏறுகிறதே என்று சொல்வதில் என்ன அறம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு முன் தனிமனித ஒழுக்கம் பற்றிய எந்தப் பேச்சும் தலைகுனிந்தே நிற்க வேண்டும். ஆயினும் இதற்குத் தீர்வு அளப்பதைக் கைவிடுவதில் இல்லை. கேட்பவரை அனைவரின் வாசலுக்கும் கொண்டுபோவதில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலரான பெண்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். செயலியும் கைபேசியும் இல்லாத ஒருவருடைய உடம்பின் உண்மைக்கும் அங்கே ஒரு சாட்சி கிடைக்கிறார், கேட்பவரும் கிடைக்கிறார். நேர்மையாக எழுதப்பட்ட ஆயிரம் பேரின் அளவுகள் ஒன்றுசேர்ந்தால், குறிப்பிட்ட ஆலையிலும் குறிப்பிட்ட தெருவிலும் ஏன் இவ்வளவு பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று அரசிடமும் முதலாளியிடமும் கேட்க அதுவே ஆதாரமாகும். அளக்கப்படாத துன்பத்தைக் கணக்கில் எடுக்க அதிகாரத்துக்கு எந்தக் கட்டாயமும் இருப்பதில்லை.

ஆகவே, தன் உடம்பைப் பற்றிய உண்மையை அறியும் கடமை ஒருவருக்கு உண்டு என்பதே என் முடிவு. அந்த உண்மையால் இன்று ஏதாவது செய்ய முடியும் என்பதும், ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் அவரோடு ஒரு குடும்பமே விழுகிறது என்பதும் அந்தக் கடமையின் இரண்டு காரணங்கள். கடமையின் அளவும் தெளிவானது. எண்ணை வழிபட வேண்டியதில்லை, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, அதை அழகுபடுத்தவும் வேண்டியதில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ ரத்தக் கொதிப்பு இருந்தால், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் காலையும் மாலையும் முறைப்படி அளந்து, கூடியதையும் குறைந்ததையும் வந்தது வந்தபடி எழுதி, செயலியிலோ நோட்டிலோ கொண்டுபோய் அவர் முன் வையுங்கள். அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக, அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நோயாளி கொண்டுவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். தன்னிடம் தானே பொய் சொல்லாதிருக்க ஒருவர் ஏழு நாள் முயன்றதன் பலன் அதில் இருக்கிறது. அதைப் படித்து, அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றுவது உங்கள் பங்குக் கடமை.